கப்பலுக்கு நல்ல மார்க், டிப்ஸ் கணக்குக்கு இல்லை

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டுத் திரும்பவும் சிங்கப்பூரில் இறக்கிவிடுகிற 4 இரவுக் கப்பல் பயணம் எப்படி என்று திருகோணமலை உவர்மலையில் காண்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். சாப்பாடு நல்லது. அறை சுத்தம். வேலை செய்கிற பிள்ளைகள் அருமையானவர்கள். பில்லில் ‘கிராட்டுவிட்டி’, அதாவது டிப்ஸ், என்று ஒரு தொகை வருகிறது, அதைத்தான் எனக்குச் செரிக்க முடியவில்லை. அதைப் பற்றித்தான் இங்கே கூடுதலாக எழுதப் போகிறேன். நீச்சல் குளம், நடனக் காட்சி, கடலில் சூரியன் மறைவது எல்லாம் வேண்டும் என்றால் என் மனைவியின் பேஸ்புக்கில் தாராளமாக இருக்கிறது.

கம்பனியின் பெயரை எழுதவில்லை. பெரிய கம்பனிகளில் அநேகமானவை இதே முறையில்தான் நடத்துகின்றன, ஒன்றை மட்டும் பிடித்து இழுப்பது சரியில்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று விளங்காது. நான் நிலாவெளிப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுத் தூக்கத் தொடங்கி, கடைசியில் அந்தக் கூடத்தைப் பொறுப்பாகப் பார்த்துவிட்டு ஓய்வு எடுத்தவன். வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் இருந்து சாப்பிட்டதைவிட அதற்குப் பக்கத்தில் நின்றதுதான் அதிகம். ஆகவே கப்பலில் எல்லாரும் கடலைப் பார்த்தபோது நான் தட்டு எடுக்கிற கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மனைவிக்கு அது பெரிய எரிச்சல். “இஞ்சருங்கோ, இப்பவும் டியூட்டியிலயோ நிக்கிறீங்கள்?” என்று கேட்டாள்.

பயணச் சீட்டு மகளும் மருமகனும் மெல்பேர்னில் இருந்து எடுத்துத் தந்தது. அவர்கள் அவுஸ்திரேலியாவில் இருந்து கப்பலில் போய்ப் பழகியவர்கள். அங்கே பல கம்பனிகள் டிப்ஸை டிக்கெட் விலைக்குள்ளேயே சேர்த்துவிடும். ஆகவே எல்லாம் கட்டியாகிவிட்டது என்றுதான் அவர்களும் நினைத்தார்கள், நாங்களும் நினைத்தோம். ஏறின அன்று இரவு அறையில் இருந்த டிவியில் எங்கள் கணக்கைத் திறந்தால், ஒரு சோடாகூட இன்னும் குடிக்கவில்லை, கடன் ஏறி நிற்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டொலர். இரண்டு பேர், 4 இரவு, மொத்தம் 144 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 43,200 ரூபா. இலங்கையில் 2026 ஜனவரியில் இருந்து சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளமே 30,000 ரூபாதான். மகளுக்கு வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன். “என்னப்பா, அது டிக்கெட்டுக்குள்ள வரேல்லையா?” என்று அவளும் கேட்டாள்.

அந்தக் காசு கொடுக்க எனக்கு மனமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கொடுத்தேன், ஒரு சதமும் குறைக்கவில்லை. நான் கேட்கிற கேள்வி வேறு.

இங்கே எங்கள் ஹோட்டல்களில் பில்லுக்கு மேலே 10 வீதம் சேர்விஸ் சார்ஜ் போடுவார்கள். வந்து தங்குகிற ஆட்களுக்கு அது இன்னொரு டாக்ஸ் மாதிரித் தெரியும். எங்களுக்கு அதுதான் உயிர். மாதம் முடிய அந்தக் காசு பொயிண்ட் கணக்கில் பிரியும். புதிதாகச் சேர்ந்த பொடியனுக்கு ஒரு பொயிண்ட், அனுபவமுள்ள வெயிட்டருக்கு அதைவிடக் கூட, குசினியில் இருக்கிறவருக்கு இத்தனை, தோட்டக்காரருக்கு இத்தனை என்று இருக்கும். சேர்ந்த தொகையை எல்லாருடைய பொயிண்டாலும் பிரித்தால் ஒரு பொயிண்டின் பெறுமதி வரும். எங்கள் இடத்தில் அதை எழுதி, ஆட்கள் சாப்பிடுகிற அறைக்கு வெளியே ஒட்டுவார்கள். ஒட்டிய உடனே அங்கே கூடுகிற கூட்டத்தைப் பார்க்க வேண்டும். கணக்குப் பிழைத்தால் முதலில் கண்டுபிடிக்கிறவர் எப்போதும் சட்டி கழுவுகிற ஐயாதான். அவர் அஞ்சாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர், ஆனால் அந்தக் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

கிழக்குக் கரையில் சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும். அந்த மாதங்களில் எங்கள் சேர்விஸ் சார்ஜ் அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டும். பிறகு வடகீழ்ப் பருவமழை தொடங்கக் கடல் கலங்கும், வெள்ளைக்காரர் தெற்குப் பக்கம் இறங்கிவிடுவார்கள், பொயிண்ட் விழும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஒட்டின தாளில் இருந்த தொகையைப் பார்த்து யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த வருடம் கொரோனா. கூட வேலை செய்தவர்களில் சிலர் த்ரீவீலர் எடுத்தார்கள், சிலர் திருக்கடலூரில் சொந்தக்காரருடைய வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். பில்லின் அடியில் நிற்கிற ஒரு வரி எத்தனை வீட்டு அடுப்பு என்று எனக்குத் தெரியும். ஆகவே கப்பலில் அந்த வரியைக் கண்டதும் வாசிக்காமல் தாண்டிப் போக முடியவில்லை.

எங்கள் அறையைப் பார்த்தவர் இந்தோனேசியாக்காரர். சட்டையில் குத்தியிருக்கிற பெயர் அட்டையில் பெயருக்குக் கீழே நாட்டின் பெயரும் இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். துவாயை மடித்து யானை, குரங்கு செய்து கட்டிலில் வைத்திருந்தார். சனம் அதைத்தான் படம் எடுத்துப் போடுகிறது. நான் அதற்கு மார்க் போடவில்லை, எங்களிடமும் துவாயில் அன்னம் செய்கிற பொடியன்கள் இருந்தார்கள். நான் பார்த்தது வேறு. எங்கள் கப்பலில் அறைக்குள் கேத்தல் வைக்க விடவில்லை, நெருப்புப் பயம். என் மனைவிக்கோ விடிய எழும்பினதும் தேத்தண்ணி வேண்டும், அதுவும் தான் கொண்டுபோன தேயிலையில். முதல் நாள் ஒரு பிளாஸ்க் சுடுதண்ணி கேட்டாள். பிறகு கேட்கவே இல்லை, ஒவ்வொரு விடியலும் கதவடியில் பிளாஸ்க் நின்றது. என்னுடைய பிரஷர் குளிசையைக் கட்டில் பக்கத்து மேசையில் கண்டுவிட்டு, அதற்கருகில் மூடி போட்ட கிளாசில் தண்ணி வைத்துவிட்டுப் போயிருந்தார். குளிசையின் இடத்தை மாற்றவில்லை. குளியலறை வடிகாலில் ஒரு மயிர் இல்லை. நாங்கள் எப்போது வெளியே போகிறோம், எப்போது திரும்புகிறோம் என்று ஒரே நாளில் பிடித்துவிட்டார், கதவு தட்டி ஒரு தரமும் எங்களைக் குழப்பவில்லை. இது யாரும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்து வருகிற விசயம் இல்லை. அறைக்கு 10க்கு 10.

சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் மேசைக்கு வந்த தம்பி தூத்துக்குடிக்காரன். எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. “சார், நீங்க சிலோனா?” என்றான். திருகோணமலை என்றேன். “கோணேஸ்வரம் இருக்கிற ஊருதானே சார், எங்க பாட்டி சொல்லும்” என்றான். அதற்குப் பிறகு என் மனைவியின் தட்டுக்கு மட்டும் மிளகாய் கொஞ்சம் கூடுதலாக வரத் தொடங்கியது.

கூட்டம் குறைந்த ஒரு பின்னேரம் அவனிடம் தொழில் கதைத்தேன். ஒப்பந்தம் 8 மாதம். அந்த 8 மாதத்தில் முழு நாள் லீவு என்று ஒன்று இல்லை. காலைச் சாப்பாடு, பகல், இரவு என்று துண்டு துண்டாக வேலை, நடுவில் ஓய்வு. கடற்தொழிலாளர்களுக்கான சர்வதேச ஒப்பந்தப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும், அதைக் கணினியில் பதிகிறார்கள் என்றான். தங்குவது தண்ணி மட்டத்துக்குக் கீழே, இரண்டு பேருக்கு ஒரு அறை, மேலும் கீழுமாகக் கட்டில். ஜன்னல் கிடையாது. பினாங்கு எத்தனை தரம் வந்திருக்கிறாய் என்று கேட்டேன், கணக்கில்லை என்றான். இறங்கினது எத்தனை தரம் என்று கேட்டேன். சிரித்தான்.

அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். “தம்பி, நாங்கள் கட்டுற 18 டொலரில உமக்கு எவ்வளவு வருது?”

“அதெல்லாம் சம்பளத்தோட சேர்ந்து வந்துரும் சார்.”

“எவ்வளவு எண்டு தாளில எழுதி இருக்குமா?”

“மொத்தமா ஒரு நம்பர் வரும் சார்.”

அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முதலாளியைப் பற்றி விருந்தாளியிடம் குறை சொல்லக் கூடாது என்று பழகின சிரிப்பு அது. நானும் அதே சிரிப்பைச் சிரித்திருக்கிறேன்.

என் குறை இங்கேதான் இருக்கிறது. அறை பார்க்கிறவர், பரிமாறுகிறவர், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் பிரிக்கிறோம் என்று கம்பனி எழுதியிருக்கிறது. யாருக்கு எத்தனை என்று கட்டுகிற எனக்கும் காட்டவில்லை, வாங்குகிற அவனுக்கும் தெளிவாக இல்லை. நிலாவெளியில் ஒரு சின்ன ஹோட்டல் தாளில் எழுதி ஒட்டுகிற கணக்கை, ஆயிரக்கணக்கான பேரை ஏற்றுகிற கப்பல் ஏன் எழுதக் கூடாது? சம்பளத்தில் ஒரு பங்கை என் தலையில் கட்டிவிட்டு, அதற்கு அன்பளிப்பு என்று பெயர் வைத்து, விருப்பமில்லாவிட்டால் எடுத்துவிடலாம் என்று வேறு சொல்கிறார்கள். எடுத்தால் அடிபடுவது கம்பனி இல்லை.

முந்தி இப்படி இருக்கவில்லை. கடைசி இரவு அறையில் சின்னச் சின்னக் கவர்கள் வைப்பார்கள், அறைக்காரருக்கு ஒன்று, வெயிட்டருக்கு ஒன்று, உதவி வெயிட்டருக்கு ஒன்று, தலைமை வெயிட்டருக்கு ஒன்று. ஆட்கள் காசை வைத்துக் கையில் கொடுப்பார்கள். கடைசி இரவுச் சாப்பாட்டுக்கு வராமல் பஃபேயில் ஒளித்துக்கொள்கிறவர்களும் இருந்தார்களாம், அதுவும் நடக்கக் கூடியதுதான். ரோயல் கரீபியன் கம்பனி 2013 மார்ச்சில் இருந்து தானாகவே கணக்கில் ஏற்றுகிற முறைக்கு மாறியது, மற்றவர்களில் பலர் அதற்கு முன்னமே மாறிவிட்டார்கள். தொகையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2023 இல் கார்னிவல் சாதாரண அறைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 16 டொலர் என்று வைத்தது, அதே வருடம் நோர்வீஜியன் 20 ஆக்கியது. பெரிய அறை எடுத்தால் இன்னும் கூட. குழந்தைகளுக்கும் உண்டு, சில கம்பனிகள் கைக்குழந்தைக்கு மட்டும் விலக்குத் தரும். ஐந்து பேர் உள்ள குடும்பம் இதைக் கூட்டிப் பார்க்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது.

கவர் முறையைவிட இந்தப் பொது முறை நல்லது என்றுதான் நான் சொல்வேன். ஆச்சரியமாக இருக்கலாம். கையில் கொடுக்கிற காசு சிரிக்கிறவனுக்கும் வடிவானவனுக்கும் இங்கிலீஷ் தெரிந்தவனுக்கும்தான் போகும். சட்டி கழுவுகிறவருக்குப் போகாது, கட்டில் விரிப்புத் தோய்க்கிறவருக்குப் போகாது. எங்கள் ஹோட்டலிலும் டிப்ஸ் பெட்டி வைத்த பிறகுதான் குசினிக்காரரின் முகம் கொஞ்சம் தெளிந்தது. பொதுவில் சேர்ப்பது சரி. சேர்த்ததைக் காட்டாமல் வைப்பதுதான் பிழை.

இன்னொரு எரிச்சல் குடிவகைகளில். எலுமிச்சை சோடா ஒன்று எடுத்தால் அதன் விலைக்கு மேலே 18 வீதம் தானாக ஏறும், சில கம்பனிகளில் 20 வீதம். ஸ்பாவில் தலைமயிர் வெட்டினாலும் அப்படியே. அது சரி, எழுதித்தான் இருக்கிறது. பிறகு கையெழுத்து வைக்கத் தருகிற துண்டில் கீழே ‘மேலதிக டிப்ஸ்’ என்று இன்னொரு வெற்றிடக் கோடு. அவசரத்தில் கையெழுத்து வைக்கிற ஆள் ஏற்கெனவே ஏறின 18 வீதத்தைக் கவனிக்காமல் அங்கேயும் ஒரு தொகை எழுதிவிடுவார். “இதென்ன, ரெண்டு தரமோ வாங்குவினம்?” என்று மனைவி அந்தத் துண்டைக் கொண்டுவந்து காட்டினாள். அந்தக் கோட்டில் ஒரு கீறு போட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

கடைசி நாளுக்கு முதல் நாள் ரிசெப்ஷனில் வரிசை நின்றது. ஏதோ பெட்டி விசயமாக்கும் என்று போய் நின்றால், பாதிப்பேர் டிப்ஸை எடுத்துவிடச் சொல்லி நிற்கிறார்கள். எனக்கு முன்னால் நின்றவர் நம்மவர், எந்த நாட்டில் இருக்கிறார் என்று சொல்லமாட்டேன். கதை கொடுத்தார். “உதை எடுத்துப்போட்டு நான் கையில குடுக்கப்போறன். கம்பனிக்கு ஏன் குடுக்கவேணும்?”

“அண்ணை, கீழ சட்டி கழுவுறவன்ர கையை எங்க காணப்போறீங்கள்?” என்றேன்.

“அவனுக்குச் சம்பளம் இருக்குத்தானே?”

“அந்தச் சம்பளம்தான் அண்ணை இது.”

அவருடைய முறை வந்துவிட்டது, போய்விட்டார். எடுத்தாரா விட்டாரா தெரியாது. அவரைப் போலக் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொதுக் கணக்கை எடுத்துவிட்டவர் கையில் கொடுக்கிற காசை, வாங்கினவர் திரும்பப் பொதுவில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று சில கம்பனிகளில் விதி இருக்கிறது. அங்கே நீங்கள் நினைத்த ஆளுக்கு நீங்கள் நினைத்த காசு போகாது. பொதுக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு அதற்கு மேலே கொடுத்தால் அது அவருடையது.

சேவை உண்மையிலேயே மோசம் என்றால் குறைக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதைக் கடைசி நாள் வரைக்கும் மனதில் பூட்டி வைத்து, இறங்கும்போது காசில் தீர்ப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். இரண்டாம் நாளே மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் சொல்லாமல் போகிற விருந்தாளிதான் பயங்கரமானவர். சொல்கிறவருக்கு அன்றிரவே மேசை மாறும், அறை மாறும், சில வேளை ஒரு போத்தல் வைனும் வரும்.

நான் கொடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிசெப்ஷனில் கேட்டு இரண்டு கவர் வாங்கினேன். அறைக்காரருக்கு 20 டொலர், தூத்துக்குடித் தம்பிக்கு 10. கவரின் மேல் அவர்களுடைய பெயரை எழுதி, உள்ளே ஒரு துண்டில் என்ன பிடித்தது என்று இரண்டு வரி எழுதினேன். அறைக்காரருக்கு இங்கிலீஷில் சுடுதண்ணிப் பிளாஸ்க் பற்றியும் குளிசை மேசை பற்றியும். தம்பி “வேண்டாம் சார், நீங்க பெரியவங்க” என்று கையைப் பின்னால் இழுத்தான். என் மனைவிதான் “பிடியும் தம்பி, அம்மா தாறன் எண்டு நினைச்சு வாங்கும்” என்று அவனுடைய சட்டைப் பையில் வைத்தாள். 20 டொலர் கட்டாயம் என்று யாரும் இதைப் படித்துவிட்டு நினைக்கக் கூடாது. பொதுக் கணக்கைக் கட்டின பிறகு மேலதிகமாக ஒன்றும் கொடுக்காமல் இறங்கினாலும் அது மரியாதைக் குறைவு இல்லை.

காசைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது, அது சும்மா கிடைக்கிறது. பயணம் முடிய மின்னஞ்சலில் ஒரு கருத்துப் படிவம் வரும். அதில் ஆளின் பெயரை எழுத வேண்டும், என்ன செய்தார் என்று எழுத வேண்டும். பெயர் வந்தால் மேலிடம் பார்க்கும், அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது உதவும். ‘சேவை நன்று’ என்று மொட்டையாக எழுதினால் அது ஒருவருக்கும் போகாது. எங்கள் ஹோட்டலில் ஒரு ஜெர்மன்காரி என் பெயரைப் பிழையாக எழுதிப் பாராட்டின கடிதத்தை முகாமையாளர் சுவரில் மாட்டியிருந்தார். பெயர் பிழைத்தாலும் அந்த வருடம் எனக்குச் சம்பளம் ஏறியது.

சில்லறைக் காசு கொடுக்காதீர்கள். அதை வங்கியில் மாற்ற முடியாது. உப்புவெளிக் கடற்கரையில் நடந்து பாருங்கள், சங்கு மாலை விற்கிற பொடியன் கைநிறைய யூரோக் குற்றிகளை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ரூபா தருவீர்களா என்று வெள்ளைக்காரரைக் கேட்பான். டிப்ஸ் என்று வந்த காசுதான் அது. கப்பலில் வேலை செய்கிறவருக்கும் அதே கதை. டொலர்த் தாள் ஒன்று பத்துக் குற்றியைவிட மேல்.

வெள்ளைச் சட்டைத் தோளில் தங்கக் கோடு போட்ட அதிகாரிகளுக்கும், டொக்டருக்கும் நேர்ஸுக்கும் டிப்ஸ் கொடுக்கிற வழக்கம் இல்லை. கொடுத்தால் அவர்களுக்குத்தான் சங்கடம். பிள்ளைகளைப் பார்க்கிற பகுதியில் இருப்பவர்களுக்குப் பல கம்பனிகளில் பொதுக் கணக்கில் இருந்து பங்கு வராது, உங்கள் பிள்ளை நாள் முழுதும் அங்கே கிடந்தால் யோசித்துப் பாருங்கள். கரையில் பெட்டி தூக்குகிறவர்களும் சுற்றுலா பஸ் வழிகாட்டியும் கப்பல் ஆட்கள் இல்லை, அவர்கள் கணக்கு வேறு. அமெரிக்கத் துறைமுகங்களில் பெட்டிக்கு ஒன்றோ இரண்டோ டொலர் கொடுப்பார்கள். சிங்கப்பூரில் அந்தப் பழக்கமே இல்லை.

எல்லாக் கம்பனியும் இப்படி என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தின் பி அண்ட் ஓ 2019 இல் தினசரி டிப்ஸை நிறுத்திவிட்டு விலைக்குள் சேர்த்தது. சில்வர்சீ, சீபோர்ன் மாதிரி விலை கூடின கப்பல்களில் ஆரம்பத்தில் இருந்தே உள்ளடக்கம்தான். செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்கு இது போதும். விளம்பரத்தில் விலை குறைவாகத் தெரிய வேண்டும் என்கிற ஒரே ஆசைதான் மற்றவர்களைத் தடுக்கிறது.

கப்பல் எங்கள் ஊருக்கும் வருகிறது. 2023 ஜூனில் சென்னையில் இருந்து கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் திருகோணமலைக்கு வந்தபோது ஊரே பார்க்கப் போனது. வெளிநாட்டுக் கப்பல்கள் வருகிற நாட்களில் பயணிகள் பஸ்ஸில் கோணேசர் கோயிலுக்குப் போய், பிரட்றிக் கோட்டைக்குள் மான்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டு, கன்னியா வெந்நீரூற்று முடித்து மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் கால்நடையாக இறங்கி வருகிற இன்னொரு கூட்டம் இருக்கிறது, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கோவா பொடியன்கள். சுப்பர்மார்க்கெட்டில் நூடில்சும் ஷாம்புவும் வாங்குவார்கள், சிக்னல் நல்ல இடம் தேடி நின்று வீட்டுக்கு வீடியோ கோல் எடுப்பார்கள். த்ரீவீலர் ஓட்டுகிற என் மச்சான் சொல்லுவார், “பயணி அம்பது ரூபாவுக்கு நிண்டு கணக்குக் கேப்பான். உந்தப் பொடியள்தான் மிச்சம் வேண்டாம் அண்ணை எண்டு போறவங்கள்.”

மற்ற விசயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோறும் கறியும் ஒவ்வொரு நாளும் பஃபேயில் உண்டு, பருப்பு நன்றாக இருந்தது, மீன் கறி எங்கள் வாய்க்கு உப்பில்லை. மரக்கறிக்காரர் பட்டினி கிடக்கமாட்டார்கள், முதல் இரவே வெயிட்டரிடம் சொல்லிவிட்டால் அடுத்த நாளைக்குத் தனியாகச் செய்து தருவார்கள். இன்டர்நெட் விலை அநியாயம், வாங்காதீர்கள். லிப்டுக்கு நிற்பதைவிடப் படி ஏறுவது கெதி. காட்சிகள் நடக்கிற அரங்கத்தில் குளிர், சால்வை வேண்டும். புக்கெட்டில் கப்பல் தள்ளி நங்கூரம் போடும், சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள், முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். பினாங்கில் கப்பல் ஜோர்ஜ் டவுனுக்கே வந்து கட்டும், லிட்டில் இந்தியா நடந்து போகிற தூரம். அங்கே ஒரு கடையில் தமிழில் தேத்தண்ணி கேட்டு, தமிழிலேயே சில்லறை வாங்கிக்கொண்டு வந்தோம்.

திரும்பப் போவோமா என்றால் மனைவி இப்போதே பெட்டி அடுக்கத் தயார், இந்த முறை ஜன்னல் உள்ள அறை வேண்டுமாம். மகளிடம் சொல்லியிருக்கிறேன், டிக்கெட் எடுக்கும்போது டிப்ஸோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டு அதையும் அப்போதே கட்டிவிடு என்று. சில கம்பனிகளில் முன்கூட்டிக் கட்டினால் பிறகு விலை ஏறினாலும் பழைய விலைதான். கையில் கொடுக்க 5, 10 டொலர்த் தாள்கள் வேண்டும் என்றால் இங்கே தேடி அலைய வேண்டாம், காசு மாற்றுகிற இடங்களில் பெரும்பாலும் 100 டொலர்த் தாளைத்தான் நீட்டுவார்கள். கப்பல் ரிசெப்ஷனில் உடைத்துத் தருவார்கள். ஏறின அன்றைக்கே கேளுங்கள், கடைசி நாட்களில் அங்கே நிற்கிற வரிசையைப் பற்றித்தான் மேலே சொல்லியிருக்கிறேனே.